கணக்குக்குள் போய் நின்றவர்

முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் பென்சிலால் மார்க் போடுகிற ஒரே ஒரு கணக்கு டீச்சரைத்தான் பார்த்திருக்கிறேன். விடைத்தாளுக்குச் சிவப்பு மை என்பது எங்கள் பள்ளிக்கூடத்தின் சட்டம். அவர் கையில் எப்போதும் ஒரு கட்டைப் பென்சில் இருக்கும். நான் கணிதத் துறைத் தலைவன், கேட்காமல் விட முடியுமா?

"நாளைக்கு யோசிச்சா எனக்கு வேற மாதிரி தோணலாம் சார். மையால போட்டுட்டா எப்படி அழிக்கறது?" என்றார்.

"ஏழாம் கிளாஸ் கணக்குல நாளைக்கு யோசிக்க என்ன டீச்சர் கெடக்கு? சரின்னா சரி, தப்புன்னா தப்பு."

"அப்படியா சார்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார். அவரிடம் எனக்கு எரிச்சல் மூட்டிய சங்கதிகளில் முதலாவது இந்த 'அப்படியா'.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். பள்ளிக்கூடத்திலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திருவனந்தபுரத்தில் ஆண் என்றால் சார், பெண் என்றால் டீச்சர், அத்தோடு விஷயம் முடிந்தது. கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத் தெருவிலிருந்து கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவார். அப்போது நாற்பது வயதிருக்கும். நான் நாஞ்சில்நாட்டுக்காரன், வேலைக்காக வந்து இந்த ஊரிலேயே தங்கிப்போனவன். நாங்கள் பேசிக்கொண்டால் அவருடைய தமிழ் ஒரு பக்கம், என் தமிழ் ஒரு பக்கம், இடையில் மலையாளம் என்று ஒரு மாதிரி ஒப்பேற்றிக்கொள்வோம்.

அவர் நிரந்தர ஆசிரியர் அல்ல. ஜூனில் எடுத்து மார்ச்சில் விட்டுவிடுகிற தற்காலிக வேலை அவருடையது. நான்கு வருடம் அப்படியே ஓடிவிட்டது. ஐந்தாவது வருட முடிவில் கணிதத்தில் ஒரு நிரந்தர இடம் காலியாகவிருந்தது. கணவர் உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்தார், சம்பாதிக்கிறவர் இவர் ஒருவர்தான். அந்த இடத்தை நம்பித்தான் டீச்சர் இருந்தார். அது யாருக்கு என்பது பெரும்பாலும் துறைத் தலைவர் பள்ளிக்கூட மானேஜருக்கு எழுதிக்கொடுக்கும் அறிக்கையைப் பொறுத்தது. அந்தத் துறைத் தலைவர் நான்.

அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான். அங்கே பேசுவது அத்தனையும் இங்கே கேட்கும். நான் ஒரு பீரியடில் பத்துப் பன்னிரண்டு கணக்குப் போட்டுத் தள்ளுவேன். அவர் ஒன்று போடுவார், அதுவும் சில நாள் முடியாது. பிள்ளை ஏதாவது விடை சொன்னால் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். "கணக்குக்குள்ள போய் நின்னு பாரு" என்பார். மலையாளத்தில்தான் சொல்வார், நான் தமிழில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு இருபது முறையாவது அந்த வாக்கியம் தட்டியைத் தாண்டி வந்து என் காதில் விழும்.

ஒருநாள் பத்து மீட்டர் சணல் கயிறும் கத்தரிக்கோலும் கொண்டுவந்தார். முக்கால் மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டு வரும் என்பது கணக்கு. வகுத்தால் பதின்மூன்றும் மூன்றில் ஒன்றும். முன்வரிசைப் பையன் பட்டென்று சொல்லிவிட்டான். "அந்த மூணுல ஒண்ணை எடுத்துண்டு வந்து எங்கிட்டக் காட்டு" என்றார் டீச்சர். பிள்ளைகள் வெட்டினார்கள். பதின்மூன்று துண்டு போக மிச்சம் கால் மீட்டர். உடனே சண்டை ஆரம்பித்தது. மிச்சம் மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா? அளந்தால் கால், வகுத்தால் மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும் என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. டீச்சர் வாயே திறக்கவில்லை. மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு பிள்ளை, "மீட்டர் வச்சுப் பார்த்தா கால், துண்டு வச்சுப் பார்த்தா மூணுல ஒண்ணு, ரெண்டும் ஒரே கயறுதான்" என்று கண்டுபிடித்துக் கூவியது. இந்தப் பக்கம் என் பிள்ளைகள் பதினோராவது கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுத் தட்டி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறென்ன.

ஸ்டாஃப் ரூமிலும் அதே கதைதான். டீ போடுகிற அட்டெண்டர் ஒருநாள், "ஒரு டீ போட அஞ்சு மினிட்டுன்னா மீட்டிங்குக்கு இருபது டீ எப்ப சாரே தீரும்?" என்று என்னைப் பார்த்து அலுத்துக்கொண்டார். நூறு நிமிடம் என்று என் வாய் பாதி திறந்துவிட்டது. டீச்சர் தலை நிமிராமல், "பெரிய பாத்திரம் எங்க வச்சிருக்கேள்?" என்று அவரைக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

பொன்முடி மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோதும் இப்படித்தான் ஆயிற்று. ஏற்பாடு என்னுடையது. காலையில் ஏற இரண்டரை மணி நேரம் ஆனது, எனவே மூன்றரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வாசல் என்று பெற்றோர்களுக்குச் சீட்டு அனுப்பியிருந்தேன். மேலே போனதும் டீச்சர் டிரைவரிடம் ஏதோ விசாரித்தார். பிறகு தேயிலைத் தோட்டத்து ஓரமாக நின்று சிக்னல் கிடைக்கிற இடம் தேடித் தன் வகுப்புப் பெற்றோருக்கெல்லாம் போன் செய்து ஏழரைக்கு வந்தால் போதும் என்றார். என்னிடம் வந்து, "சாயங்காலம் மஞ்சு எறங்கினா ரோடு தெரியாது, வளைவுக்கு வளைவு நிறுத்தி நிறுத்தித்தான் போகணுமாம் சார். நீங்களும் சொல்லிடுங்கோளேன்" என்றார். "ஏறுறதவிட எறங்க நேரம் ஆவுமா டீச்சர், என்ன பேசுதீங்க?" என்றேன் நான். வண்டி வந்து சேர்ந்தபோது ஏழேகால். அவர் வகுப்புப் பெற்றோர்கள் அப்போதுதான் ஆற அமர வந்துகொண்டிருந்தார்கள். மற்ற வகுப்புக்காரர்கள் ஒன்றேகால் மணி நேரமாகக் காத்திருந்த கோபத்தை வாசலிலேயே என்மேல் காட்டினார்கள். மறுநாள் அவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இனி என் சமாசாரத்துக்கு வருகிறேன்.

அந்த ஐந்தாவது வருடம் மேலிடத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. பிள்ளைகள் நெட்டுருப் போட்டு எழுதுவது போதாது, அவர்களின் உயர்நிலைச் சிந்தனையைச் சோதிக்கும் கேள்விகள் ஒவ்வொரு வினாத்தாளிலும் இருக்க வேண்டும் என்றது அது. ஸ்டாஃப் ரூமில் அதற்கு 'ஹாட்ஸ்' என்று பெயர். அரையாண்டுத் தேர்வுக்கு ஏழாம் வகுப்பு வினாத்தாள் தயாரித்தவன் நான். உயர்நிலைச் சிந்தனைக்கு எங்கே போவது? கிணறு தோண்டும் ஆட்களைப் பற்றிய பழைய கணக்கை எடுத்து, கிணற்றை அடித்துவிட்டுக் கடலைப் போட்டேன். 'விழிஞ்ஞத்தில் ஒரு வள்ளத்தில் ஆறு பேர் கடலுக்குப் போய் மீன் பிடித்துத் திரும்ப நான்கு மணி நேரம் ஆகிறது. அதே வள்ளத்தில் பன்னிரண்டு பேர் போனால் எத்தனை மணி நேரம் ஆகும்?' ஆள் இரட்டித்தால் நேரம் பாதி, விடை இரண்டு மணி நேரம், ஐந்து மார்க். 'அதே வள்ளத்தில்' என்பதை நான் யோசித்துத்தான் சேர்த்தேன். ஒன்றை மாற்றும்போது மற்றவை மாறக்கூடாது என்பது கணக்கு வாத்தியார்களின் பழக்கம். வள்ளம் மாறக்கூடாதல்லவா? அந்த இரண்டு சொல்லைச் சேர்த்தபோது நான் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன் என்றால் மிகையில்லை.

டீச்சர் வகுப்பில் ஷைனி என்று ஒரு பெண். விழிஞ்ஞத்திலிருந்து பஸ் ஏறி வருவாள், அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் எழுதியிருந்தது இது: 'பன்னிரண்டு பேர் ஏறினால் வள்ளம் முங்கும். அதனால் ஆறு பேர்தான் போவார்கள். நேரம் ஆளைப் பொறுத்து இல்லை, மீன் எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்பதைப் பொறுத்து. மீன் தூரத்தில் என்றால் ஆள் கூடினாலும் நேரம் குறையாது.'

டீச்சர் அதற்குப் பென்சிலால் ஐந்துக்கு ஐந்து போட்டார். இரண்டு மணி நேரம் என்று எழுதியவர்களுக்கு, கணக்குப் போட்ட முறைக்காக மூன்று போட்டு, ஓரத்தில் 'உள்ளே போய் நின்று பார்' என்று எழுதினார்.

அந்த இரண்டு மார்க் போனதில் முதல் ரேங்க் பையன் மூன்றாவதாகப் போய்விட்டான். அவன் அப்பா பெற்றோர் சங்கத்தில் செல்வாக்கான ஆள். விடைத்தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு நேராக மானேஜர் அறைக்கு வந்தார். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "கேள்வி தப்பா, திருத்தினது தப்பா? ரெண்டுல ஒண்ணு எழுதித் தாங்க" என்றார்.

கேள்வி தப்பு என்றால் பழி என் தலையில். எனக்கு அந்த ஜூனில் வைஸ் பிரின்சிபல் பதவி வரவிருந்தது. திருத்தியது தப்பு என்றால் டீச்சருக்கு அந்த நிரந்தர இடம் போய்விடும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்துதான் ஸ்டாஃப் ரூமுக்கு நடந்தேன்.

டீச்சர் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், ஸ்கீம்னு ஒண்ணு கையில தந்திருக்குல்லா? அதுல உள்ளபடி போட்டுட்டுப் போனா இந்தச் சோலியே வந்திருக்காதே" என்றேன்.

"சார், அவ எழுதினதைப் படிச்சேளா?"

"படிச்சேன்."

"நீங்க போட்ட கேள்விக்கு அதுதான் சார் நல்ல பதில். யோசிக்கச் சொல்லிக் கேட்டேள், அவ யோசிச்சுட்டா. அந்த வள்ளத்துல நீங்க ஏறிப் பார்த்தேளா?"

"கணக்குல வள்ளம் முங்காது டீச்சர்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். 'அப்படியா சார்' என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்குக் கேட்கவில்லை.

'விடைக்குறிப்பைப் பின்பற்றாமல் திருத்தப்பட்டுள்ளது' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விடைத்தாள்களை வாங்கி நானே மாற்றினேன். முதல் ரேங்க் பையனுக்கு ஐந்து. ஷைனியின் தாளில் இருந்த ஐந்தை ரப்பரால் அழித்துவிட்டுச் சிவப்பு மையால் பூஜ்யம் போட்டேன். பென்சில் என்பதால் வேலை சுலபமாக முடிந்தது.

மார்ச்சில் டீச்சர் போனார். சண்டையில்லை, சாபமில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் பெஞ்சுகளை ஒழுங்குபடுத்திவிட்டு, "வரேன் சார்" என்று குடையை எடுத்துக்கொண்டார். நிரந்தர இடத்துக்கு ஜூனில் வேறொருவர் வந்தார். நான் வைஸ் பிரின்சிபல் ஆனேன்.

ஷைனி எட்டாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். நோட்டு சுத்தமாக இருக்கும், கேட்டால்தான் வாய் திறப்பாள். ஜூலையில் ஒருநாள் கரும்பலகையில் கொஞ்சம் சிக்கலான ஒரு கணக்கைப் போட்டு, "ஷைனி, நீ சொல்லு. நீதான் நல்லா யோசிப்பியே" என்றேன். பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் எழுந்து நின்றாள்.

"சாரோட கீயில எந்தாணு சார்?" என்றாள். "அதைப் பறஞ்ஞா அதுபோல எழுதாம்."

விடைக்குறிப்பில் என்ன இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அதன்படி எழுதிவிடுகிறேன் என்கிறாள். குரலில் துடுக்கு துளியும் இல்லை. நல்ல பிள்ளையாக, பணிவாகக் கேட்டாள். நான் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டேன். பன்னிரண்டு வயதில் கடலையும் வள்ளத்தையும் மீனையும் என் கேள்விக்குள் கொண்டுவந்து நிறுத்திக் காட்டியவளைப் பதிமூன்று வயதில் இப்படி ஆக்கியவன் நான். ஒரு ரப்பர் போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் விழிஞ்ஞத்துக்கு பஸ் ஏறினேன். அத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் ஹார்பருக்குள் கால் வைத்ததில்லை. தூரத்தில் புதுத் துறைமுகத்துக்குக் கல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. எண்ணிப் பார்த்தேன், ஐந்து பேர், ஆறு பேர். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவரிடம், "இதுல பன்னிரண்டு பேர் போலாமா?" என்று கேட்டேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "சாரு நீந்துமோ?" என்றார்.

வீட்டுக்கு வந்து மானேஜருக்குக் கடிதம் எழுதினேன். கேள்விதான் தவறு, திருத்தியது சரி, தவறு என்னுடையது என்று மூன்று வரி. மானேஜர் படித்துவிட்டு மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார். "ஆள் எடுத்தாச்சு. இனி இது எதுக்கு?" என்றார். வேலையை ராஜினாமா செய்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். செய்யவில்லை. ஓய்வு பெறும்வரை அதே நாற்காலியில்தான் இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். நாகர்கோவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை, தினமும் போய்வருகிறாராம். முகம் கறுத்து இளைத்திருந்தது. சாயங்காலம் வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடுகிறது, அதுவரை கணவரைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். நான் கடிதம் எழுதிய விஷயத்தைச் சொன்னேன். விழிஞ்ஞத்துக்குப் போனதையும் சொன்னேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அந்தக் கொழந்தைக்கு மார்க் போட்டேளா சார்?"

"போன வருஷ ரிஜிஸ்டர் டீச்சர். எல்லாம் க்ளோஸ் பண்ணியாச்சு."

"ரிஜிஸ்டர் கெடக்கட்டும். அவகிட்டச் சொல்லலாமோன்னோ?"

பஸ் வந்துவிட்டது. குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்.

மறுநாள் எட்டாம் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்ததும் பிள்ளைகள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். போன வருட வினாத்தாளில் வள்ளக் கணக்கு நான் போட்டது, அது தப்பான கணக்கு, ஷைனி எழுதியதுதான் சரி, அவளுக்கு ஐந்து மார்க் போட்ட டீச்சர் செய்ததுதான் சரி, அதை அழித்தவன் நான். ஒரு சார் இப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. அந்தத் தாள் இருந்தால் கொண்டு வா, திருத்தித் தருகிறேன் என்று ஷைனியிடம் சொன்னேன்.

"அதைக் களஞ்ஞு சார்" என்றாள். தூக்கிப் போட்டுவிட்டாளாம்.

உட்காரப் போனவள் உட்காரவில்லை. பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பதுபோல நின்றாள். அவள் யோசிக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"டீச்சர் செய்ததாணு சரின்னா, டீச்சர் எதுக்கு சார் போனாங்க?"

இந்த முறை அவள் விடைக்குறிப்பைக் கேட்கவில்லை. நான் கரும்பலகை பக்கம் திரும்பி, அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை என்றாலும், டஸ்டரை எடுத்து அழிக்க ஆரம்பித்தேன்.